ஆள் வெளியே போனால் மணியும் கூடப் போகும்

சண்டைக் காலத்தில் கொழும்பில் டெலிபோன் கடையில் வேலை செய்தவனுக்கு மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். வெள்ளவத்தையில் அப்படியொரு கடையில்தான் நான் போன் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு அழைப்பு வரும் என்று குளிக்கக்கூடப் போகாமல் காத்திருந்தவர்கள் நீங்கள் என்றால், இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

பெட்டி வந்த விதம்

புனிதம் அன்ரி எங்கள் கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தவர். மகன் குகன் வன்னியில் வாத்தியார். சண்டையால் வன்னிப் பாதையைப் பூட்டியதோடு அங்கேயே அகப்பட்டுப்போனான். எப்போதாவது ஒரு கொமியூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று அம்மாவுக்குப் போன் எடுப்பான். இங்கேயிருந்து அவனுக்கு எடுக்க வழியில்லை. கொழும்பு நம்பர் எழுதிய துண்டோடு சென்றிக் காவலில் பிடிபட்டால் என்னென்ன கேள்வி வரும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் அவன் அம்மாவின் வீட்டு நம்பரை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தான்.

அன்ரியிடம் கைபோனும் இருந்தது. ஆனால் அந்தப் பின்னறைக்குள் அதற்கு சிக்னல் வராது. ஆகவே வெளியே போகும்போது வீட்டு லைனைக் கைபோனுக்கு டைவர்ட் பண்ண வேண்டும், வந்ததும் எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் அன்ரி மறந்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலால் வந்தவரிடம், போன் கனநேரம் அடித்தது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அன்று அன்ரி சாப்பிடவேயில்லை.

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பழைய கொம்பியூட்டர் ஒன்றை வீட்டு லைனில் மாட்டிக் கொடுத்தேன். அன்ரியின் கைபோன் கிட்ட இருக்கிறதா என்று அந்தப் பெட்டி புளூடூத்தால் பார்த்துக்கொண்டே இருக்கும். கைபோன் வெளியே போனால் அன்ரியும் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு, தானாகவே நம்பர் அடித்து லைனைத் திருப்பிவிடும். திரும்பி வந்தால் பழையபடி ஆக்கிவிடும். அன்ரியைச் சந்திவரை நடக்கவிட்டு, கடையிலிருந்து வீட்டு நம்பருக்கு எடுத்துப் பார்த்தோம். சந்தியில் நின்றே கதைத்தார். திரும்பி வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர் கேட்டார்: "நான் வீட்டில இருக்கிறனோ இல்லையோ எண்டு இதுக்குத் தெரியுது. பிள்ளை எங்க இருக்கிறான் எண்டு அறிய ஒண்டு செய்யேலாதோ, தம்பி?"

கொட்டாஞ்சேனை முதலாளி

பெட்டியின் புகழ் எப்படியோ கொட்டாஞ்சேனைவரை போய்விட்டது. இரும்புக்கடை முதலாளி ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடையில் இருந்தால் கடைப் போன், வீட்டில் இருந்தால் வீட்டுப் போன், வழியில் என்றால் கைபோன் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். மனிதர் பால் விடாத பிளேன்ரீயைக் குடித்தபடி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

வியாபாரிகளை வான் வண்டியில் கடத்திக்கொண்டு போய், வீட்டுக்குப் போன் எடுத்துப் பணம் கேட்ட காலம் அது. கடத்துவதற்கு முன்பே மிரட்டி எடுப்பதும் உண்டு. முதலாளியின் கூட்டாளி ஒருவருக்கு அப்படி ஒரு மிரட்டல் வந்திருக்கிறது. கோப்பையை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்தம்மாவுக்கு போன் வரணும். எனக்கு நான் எங்க இருந்தாலும் வரக்கூடாது. அப்படி ஒரு பெட்டி செஞ்சு குடுங்க தம்பி."

செக்கிங்

ஒரு நாள் விடியப்புறம் பொலிஸார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அன்ரியின் அறைக்குள் வந்த பொலிஸ்காரர் அடையாள அட்டையையும் கைபோனையும் வாங்கி, வாசல் கேற்றடியில் நின்ற தங்கள் மேலதிகாரியான பெரியவருக்குக் காட்ட எடுத்துப் போனார். கைபோன் கேற்றைத் தாண்டியது. அன்ரி வெளியே போய்விட்டார் என்று பெட்டி தன் கடமையைச் செய்தது. அறையில் நின்ற மற்றப் பொலிஸ்காரருக்குப் பக்கத்தில், வயர்கள் தொங்க, சிவப்பு லைற் மின்ன, யாரும் தொடாமலே கீச்சென்று கத்தி நம்பர் அடித்தது.

தமிழ் வீட்டில் அப்படியொன்றைக் கண்டால் அந்த நாளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வயரைப் பிடுங்கி, பெட்டியோடு அன்ரியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். செய்தவன் யார் என்று கேட்டு என்னையும் கடையிலிருந்து பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் அங்கே செலவானது. பெரியவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் கேட்டது இதுதான்: "ஆள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்று ஒரு மெஷின் ஏன் பார்க்க வேண்டும்?"

மேசையில் அடித்த மணி

அன்ரியின் கைபோன் பெரியவரின் மேசையில் கிடந்தது. நாங்கள் இருவரும் எதிரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று அது அடித்தது. பெட்டியைப் பிடுங்கினாலும் அது கடைசியாகப் போட்ட டைவர்ட் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அப்படியே இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்த அழைப்பு பொலிஸுக்கு வந்துவிட்டது.

அன்ரி எழும்பப் பார்த்தார். இரு என்று கையால் காட்டிவிட்டுப் பெரியவர் எடுத்தார். "ஹலோ, கவுத கதாகரன்னே?" என்று, யார் பேசுவது எனச் சிங்களத்தில் கேட்டார். மறுபக்கத்தில் சத்தமில்லை. இன்னொரு தரம் கேட்டார். லைன் அறுந்தது. அன்ரி பெரியவரைப் பார்க்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அவன்தான். நான் கதைக்காட்டி எப்பவும் பேசாமல்தான் நிப்பான்."

திரும்பி வந்த பெட்டி

அன்று பின்னேரமே எங்களை விட்டுவிட்டார்கள். கைபோனையும் தந்தார்கள். முதல் வேலையாக நான் டைவர்ட்டை எடுத்தேன். பெட்டி மட்டும் சில வாரம் கழித்து, மூடி இல்லாமல் வந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு அன்ரியிடம் போனேன். அதுவரை குகன் போன் எடுக்கவில்லை. லைன் பிழையாக இருக்கும், சனம் இடம்பெயர்ந்துகொண்டிருக்கும், கட்டாயம் எடுப்பான் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்.

அன்ரி சொன்னார்: "எடுக்கமாட்டான், தம்பி. சிங்களக் குரல் கேட்டதும் அம்மா பொலிஸில எண்டு அவனுக்கு விளங்கியிருக்கும். தான் எடுத்தா எனக்குத்தான் கரைச்சல் எண்டு பேசாமல் இருந்திடுவான்." நான் வயரைக் கையில் எடுத்ததைக் கண்டு தடுத்தார். "இதைத் திரும்ப லைனில பூட்டாதை. மனம் கேளாமல் ஒருநாள் எடுத்தாலும் எடுப்பான். இனி நான் வெளியில போகேல்லை."

ஆள் எங்கே போனாலும் மணி பின்னால் போகட்டும் என்று நான் செய்த பெட்டி கடை அலுமாரியில் தூங்க, சண்டை முடிந்து முகாம்களில் இருந்தவர்கள் எல்லாம் வீடுகளுக்குப் போன் எடுத்து முடித்த பிறகும், புனிதம் அன்ரி மட்டும் எங்கேயும் போகாமல் அந்த மணிக்குப் பக்கத்திலேயே இருந்தார்.