ராம்ப்பில் தேடிய தவறு

பண்டார் தெங்காரா ஊருக்கு அருகே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லேப் சூப்பர்வைசராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக லேபுக்கு வருகிறவர்களிடம் நான் கெட்டிக்காரியாக இருந்த கதைகளையே சொல்லி வந்திருக்கிறேன். இது நான் முட்டாளாக இருந்த கதை. உங்களுக்கு இதுதான் அதிகம் பயன்படும்.

ஒரு மாதம் எங்கள் எண்ணெயின் எஃப்.எஃப்.ஏ. ஏறிக்கொண்டே போனது. எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் அளவு அது. எல்லை தாண்டினால் வாங்குகிறவர்கள் லோரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அழுகிய பழம் உள்ளே போனால் இந்த அளவு ஏறும் என்பது பாலபாடம். பழக்குலைகள் வந்து இறங்கும் ராம்ப்பில் நின்று அழுகலைக் கழிக்கும் கிரேடர், பெருமாள் அண்ணன். பிறகென்ன, ஆள் கிடைத்துவிட்டார்.

அளவு ஏறிய நாளிலெல்லாம் ராம்ப்புக்குப் போய், அவர் கண்ணுக்குத் தப்பிய அழுகல் குலைகளை எண்ணினேன். இருந்தன. கைப்பேசியில் படம் எடுத்து, மூன்று பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதி மேனேஜர் ராகவனிடம் கொடுத்தேன். அவர் அண்ணனைக் கூப்பிட்டு என் எதிரிலேயே விசாரித்தார். அண்ணன் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“ரீடிங் நல்லா வந்த நாள்ல வந்து எண்ணிப் பாத்தீங்களா மேடம்?”

“நல்லா இருக்குற நாள்ல எதுக்குண்ணே எண்ணணும்?” என்றேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படியேதான் சொன்னேன்.

அண்ணனை பாய்லர் சாம்பல் அள்ளப் போட்டார்கள். மாத முடிவில் கான்ட்ராக்ட் முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். பழம் கொண்டுவரும் லோரிக்காரர்களிடம் காசுக்குக் கை நீட்டியிருப்பார் என்று கேன்டீனில் பேச்சு கிளம்பியது. நான் அப்படி எழுதவில்லை. மறுக்கவும் இல்லை.

அடுத்த வாரமே அளவு இறங்கியது. “நீங்க சொன்னது கரெக்ட் லா,” என்றார் ராகவன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில், அண்ணன் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம் என்று ராம்ப்புக்குப் போனேன். புது கிரேடர் விட்ட அழுகல் குலைகளை எண்ணினேன். முன்பு இருந்த அதே எண்ணிக்கை. மறுநாளும் அதே.

பழம் மாறவில்லை என்றால் எண்ணெய் எப்படி நல்லதானது? யோசித்தபோதுதான் உறைத்தது. அண்ணனை மாற்றிய அதே வாரம் எண்ணெயில் சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேஷன் முறையில் எஃப்.எஃப்.ஏ. அளக்கும் சோடா கரைசலையும் நான் புதிதாகக் கலந்திருந்தேன். பழைய போத்தலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரே எண்ணெயை இரண்டாலும் சோதித்தேன். பழையதில் அளவு எகிறியது, புதியதில் சரியாக இருந்தது. மூடி இறுக்காமல் காற்றுப் பட்டு, பழைய கரைசல் நாளுக்கு நாள் வீரியம் இழந்திருக்கிறது. வீரியம் குறைந்தால் அதிகமாக ஊற்ற வேண்டிவரும், கணக்கில் எண்ணெய் கெட்டுப்போனதாகக் காட்டும். வாரம் ஒருமுறை வீரியத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது லேபின் விதி. நான் கலந்தது தப்பாது என்று அதை விட்டது நான்தான்.

ராகவனிடம் சொன்னேன். “ரீடிங் இப்ப ஓகேதானே? சுடா லா, போதும் விடுங்க. இத எழுதினா ஆடிட்ல உங்க தலதான் உருளும்,” என்றார்.

“பெருமாள் அண்ணன் வேல போகுதே சார்.”

“அவருக்கு வேற மில்லுல கெடைக்கும்.”

பழைய போத்தலைக் கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. அதைக் கழுவும் தொட்டி வரை கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடியிருந்தபோது, தவறு லேப் கரைசலில்தான், அண்ணனிடம் இல்லை என்று சொன்னேன். எனக்கு வார்னிங் கடிதம் வந்தது. அண்ணன் ராம்ப்புக்குத் திரும்பினார், கான்ட்ராக்டும் புதுப்பிக்கப்பட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அது தப்பாக இருந்தால் எது என் கண்ணில் பட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுவேன். எழுதியதைத் தேடிக்கொண்டு போவேன். நம் சந்தேகத்துக்குச் சாட்சி எங்கே போனாலும் கிடைக்கும், அது பெரிய கெட்டிக்காரத்தனம் இல்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த வாரக் கடைசியில் அண்ணன் லேபுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எழுத்துல குடுங்க மேடம். மவன் என்கூடப் பேசறதில்ல. அப்பா காசு வாங்கினாரான்னு அவங்கம்மாகிட்ட கேட்டிருக்கான்.”

உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ‘லேபில் ஏற்பட்ட ஒரு தவறினால் திரு. பெருமாள் மீது சந்தேகம் எழுந்தது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.’ அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

“ரிப்போர்ட்டுல எம்பேரு ஆறு எடத்துல இருந்துச்சு. இதுல தப்பு பண்ணது யாருன்னே இல்லியே மேடம்.”

தவறை ஒப்புக்கொண்டுவிட்டதாக நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கடிதத்தை வாங்கிக் கிழித்தேன். புதுத் தாளை எடுத்து, முதல் வரியில் என் பெயரை எழுதினேன்.