அத்தான் பிரித்துவிட்டுப் போன சட்டை

அத்தான் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்படி அக்கா கேட்டார். முயன்று பார்க்கிறேன்.

எங்கள் அத்தான் கிரேக்கத் தீவொன்றில் மீனவர் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் தந்தையை இழந்து, ஏதென்சில் தையல் பழகி, பாரிசில் பெயர்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஒருவரிடம் வேலை செய்து, கடைசியில் இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் கபோ சந்தைக்கு அருகே சொந்தத் தையற்கூடம் திறந்தார். ஓர் ஆளுக்கென்று ஒரே ஓர் உடைதான், முழுக்கக் கையால் தைப்பார். அங்கே ஊசி வேலைக்குப் போன அக்காவையே மணந்து, எங்கள் தமிழையும் பழகிக்கொண்டார். மேடைப் பாடகிகளும் பணக்காரச் சின்னோரா அம்மாமாரும் அவருடைய படியேறி வந்தார்கள். வந்தவர்களுக்கு நேரத்துக்கு உடை கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. தைத்ததை எல்லாம் பிரிப்பார். பாடகி ஒருவர் மேடையேறத் திரைக்குப் பின்னால் நிற்க, அவருடைய உடையின் முதுகுத் தையலைப் பிரித்த மனிதர் இவர். மிலானில் பெரிய நிறுவனமொன்று கூப்பிட்டது. குறித்த நாளில் உடையைக் கொடுக்க வேண்டும் என்றார்களாம், போகவில்லை. இதைப் பொறுமை என்று இந்த மலரில் சிலர் எழுதியிருக்கிறார்கள். பொறுமை எங்களுக்கல்லவா வேண்டியிருந்தது!

என் மகளின் கலியாணக் கூறைச் சேலைக்கு ஏற்ற சட்டை யாழ்ப்பாணத்தில் தைத்து வந்தது. அத்தான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மச்சாள், தோள் வடிவில்லை.”

“ஐயோ அத்தான், அதிலை கை வையாதேங்கோ! வாற கிழமை கலியாணம்.”

“ஓம், ஓம்” என்றார். நான் தேத்தண்ணி போட்டு வருவதற்குள் சட்டை துண்டுதுண்டாகக் கிடந்தது.

மறுநாள் அவருக்கு நெஞ்சுவலி. மருத்துவமனைக் கட்டிலிலும் அந்தத் துண்டுகளைக் கேட்டு வாங்கித் தைத்தார். திட்டுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். மகள் போட்டுப் பார்த்து, “பெரியப்பா, பெல்லிசிமோ! இனி விடுங்கோ” என்றாள். உண்மையிலேயே அத்தனை அழகு, எனக்கே கண் கலங்கிவிட்டது. அத்தான் சிரித்தார். அவள் கழற்றிக் கொடுத்ததும் சட்டையின் இடது கையைப் பிரித்தார். அன்று மாலையே போய்விட்டார். கலியாணத்தை ஓர் ஆண்டு தள்ளிவைத்தோம்.

நகரின் மறுகோடியில் பிரான்காச்சோவிலிருந்து பஸ் ஏறி வந்து சமைத்துத் தந்தவர்களுக்கும், சவப்பெட்டி சுமந்தவர்களுக்கும், கிரியை செய்த ஐயருக்கும், கிரேக்கத்திலிருந்து வந்து அக்காவோடு தங்கிய அத்தானின் சகோதரிக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஓர் உதவி வேண்டும். அடுத்த மாதம் கலியாணம். அந்த இடது கையை அக்காதான் தைக்கிறார். நேற்றுத் தைத்து முடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “வடிவில்லை” என்று மறுபடியும் பிரித்துவிட்டார். அக்காவிடமிருந்து அந்தச் சட்டையை எப்படியாவது வாங்கித் தருபவருக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கும்.