ஆ லாஸ் தோஸ்: தோணிரேவில் ஒரு பகல்

காலை பத்து மணிக்குக் காட்டூரில் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பழவேற்காட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"தோணிரேவுல யாரு ஆயா?" என்றார் டிரைவர்.

"என் பொண்ணு மல்லிகா. ஏரியில இறால் தடவுறா."

பகல் ஒன்றரை மணி. அவள் வீட்டில் சாப்பிட்டு எழுந்தேன். மல்லிகா அரிசி டப்பாமேல் செல்போனைச் சாய்த்து வைத்து, அதில் தெரிந்த வெள்ளைக்கார அம்மாளிடம், "ஆ லாஸ் தோஸ்" என்றாள்.

"இன்னாடி பாஷை இது?"

"ஸ்பெயின் பாஷைம்மா. 'ரெண்டு மணிக்கு'ன்னு அர்த்தம். அங்க ஒரு வயசானவங்களைப் பாத்துக்கற வேலை. தினமும் எத்தினி மணிக்கு எழுந்துக்கறே, வேலைக்குப் போறேன்னு கேக்கறாங்க. சரியா சொன்னா வேலை."

ஆறு மாதமாகப் படிக்கிறாளாம். பெற்றவளுக்கு ஒரு வார்த்தை இல்லை.

"சொன்னா உடுவியா?" என்றாள்.

அதற்குள் போனில் அந்த அம்மாள் முகம் கடுத்தது. என்னவோ கேட்டாள். மல்லிகா என் பக்கம் திரும்பினாள்.

"முந்தாநாள் பன்னண்டரைன்னியே, இன்னிக்கு ரெண்டுங்கறியே, எது பொய்னு கேக்கறாங்கம்மா. தண்ணி வடியறப்போதான எறங்கறோம்? அது தினமும் தள்ளித் தள்ளிப் போவுது. அதைச் சொல்ல எனக்கு வார்த்தை வரலையே."

அவள் போகக்கூடாது என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் என் பெண்ணைப் பொய்க்காரி என்பதா?

"சொல்ல வரலன்னா காட்டுடி!" என்றேன்.

போனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது. பெண்கள் இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து இரண்டு கையாலும் இறால் தடவினார்கள். ஒருத்தி பறியை வாயிலிருந்து எடுத்து, "இன்னாக்கா, ஏரியை விக்கறியா?" என்று கத்தினாள்.

அந்த அம்மாள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக ஒன்று கேட்டாள்.

"அந்த வயசானவங்களுக்கு எட்டு மணிக்கு மாத்திரை குடுக்கணுமாம். தினமும் எட்டுக்கே வருவியான்னு கேக்கறாங்க" என்றாள் மல்லிகா என்னிடம். பிறகு போனைப் பார்த்து, "சியெம்ப்ரே. ஆ லாஸ் ஓச்சோ" என்றாள். எப்போதும், எட்டு மணிக்கே.

அந்த அம்மாள் சிரித்துத் தலையாட்டினாள். வேலை கிடைத்துவிட்டது. நானே வாங்கிக் கொடுத்தது போலாயிற்று.

மாலை ஐந்துக்கு பஸ். மல்லிகா ஏற்றிவிட வந்தாள். "அங்க எட்டுன்னா இங்க பதினொன்னரை. மாத்திரை குடுத்துட்டு உனக்கு போன் பண்றேம்மா."

"எனக்கும் எட்டு மணிக்குத்தான் மாத்திரை. நானே போட்டுக்குவேன், போடி" என்று ஏறி உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்: ஆ லாஸ் ஓச்சோ. காட்டூர் வருவதற்குள் சரியாக வந்துவிட்டது.