முக்கோணம் விழுந்த தாள்

போன வியாழக்கிழமை கும்மிடிப்பூண்டியில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில், ஜப்பானிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் புது ஆபரேட்டர் ஒருவரிடம், "தனியாகச் செய்வீர்களா?" என்று கேட்டார். மொழிபெயர்த்தவன் நான். ஆபரேட்டர் வாய் திறக்காமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்த்தார். நம் ஊரில் அதைவிடத் தெளிவான 'சரி' கிடையாது. பயிற்சியாளரோ முகம் சுருங்கி, கையிலிருந்த தாளில் ஒரு முக்கோணம் போட்டார். ஏன் என்று கேட்டேன். "தயங்குகிறாரே, தலையைச் சாய்க்கிறாரே. எங்கள் ஊரில் அது சந்தேகம், அதற்குத்தான் முக்கோணம்" என்றார். அந்த முக்கோணங்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நகோயாவில், அண்ணனின் தாளில்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் டை செட்டர். பிரஸ் இயந்திரத்தில் அச்சுகளைக் கழற்றி மாற்றுவதில் அவர் கைக்கு எங்கள் கம்பெனியில் இணை கிடையாது. பெரியபாளையம் பக்கம், பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் இருவரையும் மூன்று மாதப் பயிற்சிக்கு நகோயாவுக்கு அனுப்பினார்கள். நான் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போனவன். விமானம் ஏறும் முன்பே அந்த நகரம் முழுக்கத் தெரிந்துவிட்டதாக நினைத்தவன். முதல் நாள் ரயிலில் ஒருவரும் பேசவில்லை. நம் சென்னை மின்சார ரயிலில் சமோசா விற்பவர் குரலும் இடம் பிடிக்கும் சண்டையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த அமைதி பயமாகவே இருந்தது. அண்ணன் குனிந்து, "இன்னாடா இது, எழவு ஊட்டுக்குப் போற மாதிரி குந்திக்கினு வரானுங்க?" என்றார். நான் வெடித்துச் சிரிக்க, பெட்டியே திரும்பிப் பார்த்தது. நிலையத்து மெஷினில் காசு போட்டதும் காபி டப்பா சூடாக வந்து விழுந்தது. அண்ணன் அதைத் திறக்காமல், கன்னத்தில் ஒற்றியபடியே அறைவரை நடந்தார். "என் பொண்ணுக்கு எட்த்துனு போவணும்டா." அதற்குள் ஆறிவிடும் என்றேன். "தெரியும்டா, பெரிய மேதாவி!"

ஷாப்பில் ஒவ்வொரு வேலையையும் காட்டிவிட்டு, தனியாகச் செய்வீர்களா என்று கேட்பார்கள். வட்டம் வாங்கியவர்தான் இயந்திரத்தைத் தொடலாம். நான் பாதி புரியாமலேயே, 'ஆமாம்' என்ற பொருளில் "ஹை, ஹை" என்று குதித்தேன். என் தாள் முழுக்க வட்டம். அண்ணன் அமைதியாகத் தலையைச் சாய்த்தார், முக்கோணம். ஏதோ அச்சின் குறி என்று நினைத்து நான் கேட்கவே இல்லை. அந்த இயந்திரத்தில் அவர் கை படவே இல்லை. மூன்றாவது வாரம், "அவருக்கே அவர்மேல் நம்பிக்கை இல்லை, இது ஆபத்தான வேலை" என்று அவரை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அண்ணன் அதற்கும் தலையைச் சாய்த்தார்.

நான் திரும்பி வந்து லைன் லீடர் ஆனேன். அவர் பழைய ஷிப்டிலேயே நின்றுவிட்டார். இன்றும் கேன்டீனில், "இன்னா மூணு வார ஜப்பான், நாஷ்டா ஆச்சா?" என்பார்கள். முதலில் சிரிப்பவர் அண்ணன்தான். அந்தப் பெயரை வைத்தவன் நான்.

அந்த முக்கோணத்தின் அர்த்தம் தெரிந்த மறுநாள் ஷிப்ட் முடிந்து, வண்டி நிறுத்துமிடத்தில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மாட்டப்போன ஹெல்மெட்டை வண்டிமேலேயே வைத்தார். "அப்ப நான் பயந்துக்கலையாடா?" என்றார். "எல்லாரும் சொன்னாங்கன்னு, மூணு வருசமா நானே நம்பிக்கினு கீறேனே."

நகோயா போகும் அடுத்த குழுவின் பட்டியல் திங்கட்கிழமை முடிவாகிறது. பயிற்சியாளர் அதுவரை இங்கேதான் இருப்பார். அவர் முன்னால் அண்ணன் ஓர் அச்சை மாற்றிக் காட்ட வேண்டும். அன்று அந்தத் தலையசைப்பை மொழிபெயர்க்கத் தவறியவன் நான் என்று மேலாளரிடம் நானே சொல்ல வேண்டும். என் லைன் லீடர் வேலை என்னவாகும் என்று தெரியவில்லை. "வரியாண்ணா?" என்று கேட்டேன்.

அண்ணன் தலையைச் சாய்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். "வாயால சொல்லணுமாடா?"

"வேணாண்ணா. நீ எப்பவும் போல ஆட்டு. இந்த வாட்டி நான் ஒழுங்கா சொல்றேன்."