கண்ணை எடுக்காதவள்

இந்த நாட்டில் ஆட்கள் பேசும்போது எங்கள் கண்ணுக்குள்ளேயே பார்க்கிறார்கள். பஸ் சாரதி, தபால்காரி, வங்கியில் இருக்கிற பொடியன், எல்லோரும்தான். வந்த புதிதில் எனக்கு இது பெரிய தொல்லை. பிஸ்கற் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் ஒருநாள் பெட்டிகள் ஓடுகிற பெல்ற் நின்றுவிட்டது. யார் நிறுத்தியது என்று மேற்பார்வைக்காரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். என் முறை வந்ததும், மேலிடத்துக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையைக் கொடுத்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு "நோ" என்றேன். "லுக் அட் மீ" என்றாள். நான் இன்னும் குனிந்தேன். கள்ளி பிடிபட்டுவிட்டாள் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். அந்தக் கிழமையோடு வேலை போயிற்று. மரியாதை கொடுத்து வேலையை இழந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

அப்போது ரொறன்ரோவில், வோபர்ன் பக்கம் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். என் அகதி விசாரணைக்குத் திகதி வந்திருந்தது. வேலையும் இல்லாததால் காலையில் அக்காவின் மகள் அபிக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவது என் பொறுப்பு. தலை இழுக்கிற நேரத்தில்தான் ரீவியில் ஒரு யப்பான் காட்டூன் போகும். மலைப்பாலம் ஒன்றைக் காவல் காக்கிற செம்பட்டை முடிக்காரி ஒருத்தி. அவளுக்கு எதிரே பனை உயரத்தில் இரும்பு மிருகங்கள் வரும். அடி விழுமுன் எல்லாம் நின்றுவிடும், காற்றுக்கூட நின்றுவிடும். திரை முழுக்க இரண்டு கண்கள், தேநீர்க் கோப்பை மாதிரி.

"சண்டை பிடிக்கிறதை விட்டிட்டு உவள் என்ன முழுசிக்கொண்டு நிக்கிறாள்?" என்று கேட்டேன்.

"அவளுக்குப் பயம் சித்தி. பட் ஷீ வோன்ற் லுக் அவே," என்றாள் அபி, தலையைத் திருப்பாமலே.

பயந்தாலும் கண்ணை எடுக்கமாட்டாளாம். அந்த வசனம் என்னை விடவில்லை. உண்மையில் அவள் பெரும்பாலும் தோற்கத்தான் செய்வாள். விழுவாள், கட்டுப்போட்டுக்கொள்வாள், அடுத்தநாள் காலை அதே பாலத்தில் நிற்பாள். வெல்லுகிறவளாக இருந்திருந்தால் நான் இரண்டாம் நாள் பார்த்திருக்கமாட்டேன்.

எனக்குக் கண்ணைத் தாழ்த்தப் பழக்கியது வீடு மட்டுமல்ல. பெண்பிள்ளை நிலம் பார்த்து நடக்கவேண்டும் என்று வீடு சொன்னது. சோதனைச்சாவடி அதையே துவக்கோடு சொன்னது. நிமிர்ந்தால் ஆமிக்காரன் ஏன் முறைக்கிறாய் என்று கேட்பான், பிறகு வரிசையிலிருந்து இழுத்து விடுவான். அண்ணாவை பஸ்ஸிலிருந்து இறக்கி எடுத்த அன்றும் நான் வரிசையில் குனிந்துதான் நின்றேன். சேறு பிடித்த சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே அண்ணாவின் றப்பர் செருப்பு போனது. போனதுதான், அவன் திரும்பி வரவேயில்லை.

ஆகவே நானும் அபியும் சோபாவில் எதிரெதிரே இருந்து, யார் முதலில் கண்ணை எடுப்பது என்று விளையாடத் தொடங்கினோம். முதல் நாட்களில் நான் உடனேயே தோற்றேன். அபி விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தானுக்கு இது பிடிக்கவில்லை.

"விசாரணை வருது, உவள் காட்டூன் பாத்துக்கொண்டு இருக்கிறாள். அங்க போய் அடக்கமா, குனிஞ்சு இரு. அவையள் இரக்கப்படவேணும்."

"இரக்கம் வேண்டாம் அத்தான். நம்பினாப் போதும்," என்றேன். அந்த வீட்டில் அத்தானுக்கு நான் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அது.

விசாரணை அறை சின்னது. மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட அதிகாரி, இந்தப் பக்கம் நானும் என் சட்டத்தரணியும், நடுவே எங்கள் ஊர்ப்பக்கத்து மொழிபெயர்ப்பாளர் ஐயா ஒருவர். நான் அதிகாரியின் கண்ணையே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஐயா என் பக்கம் சரிந்தார்.

"பிள்ளை, பெரிய மனுசரை அப்பிடி முழுசிப் பாக்காதேங்கோ. அவர் என்ன நினைப்பார்?"

அக்கறையில்தான் சொன்னார். என் கழுத்தும் தானாக வளையப் பார்த்தது. வளையவிட்டிருந்தால் தொழிற்சாலைக் கதைதான் இங்கேயும் நடந்திருக்கும்.

"ஐயா, நான் கதைக்கிறதை மட்டும் நீங்கள் சொல்லுங்கோ. பாக்கிறது என்ரை வேலை."

அவர் முகம் கறுத்தது. அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்டார். அண்ணாவைப் பிடித்தவன் எப்படி இருந்தான், முகத்தைச் சொல்ல முடியுமா? தெரியாது என்றேன். பக்கத்தில்தானே நின்றாய், எப்படித் தெரியாமல் போகும்? சட்டத்தரணி கதிரையில் அசைந்தார். எல்லாம் இந்த ஒரு பதிலில் தொங்கியது. உயிரைக் காப்பாற்றிய குனிவு இப்போது என்னைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தது.

"நான் பாக்கேல்லை. பாத்திருந்தா இண்டைக்கு இஞ்ச இருக்கமாட்டன். சப்பாத்து மட்டும்தான் தெரியும். இடது சப்பாத்துக்கு லேஸ் இல்லை, நீல நைலோன் கயிறு கட்டியிருந்தான். அது எனக்குச் சாகும்வரைக்கும் தெரியும்."

ஐயா அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. துடைத்தால் கண்ணை எடுக்கவேண்டி வரும். கடைசியில் அதிகாரிதான் முதலில் கடதாசியைப் பார்த்துக் குனிந்தார்.

என்னை ஏற்றுக்கொண்டார்கள். தான் சொன்னபடி நான் குனிந்து இருந்ததால்தான் அது நடந்தது என்று அத்தான் இன்றும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். சொல்லட்டும். கனடா போய் முறைக்கப் பழகிவிட்டாள் என்று ஊரில் இருக்கிற சொந்தக்காரர் நீங்கள் கதைப்பதும் எனக்குத் தெரியும். ஓம், பழகிவிட்டேன். அதுவும் காட்டூன் பார்த்துத்தான்.

ஆனால் பனிக்காலம் வந்தால் ரொறன்ரோ முழுக்கச் சப்பாத்துகள். பஸ்ஸில் ஏறியதும் என் கண் இன்னமும் முதலில் கீழேதான் போகிறது. ஈரச் சப்பாத்துகளின் வரிசையில் நீலக் கயிறு இருக்கிறதா என்று பார்க்கிறேன். நடுவே ஒரு சோடி றப்பர் செருப்பு நிற்கிறதா என்றும் பார்க்கிறேன், இந்தப் பனிக்குள் யார் செருப்புப் போடுவார் என்று தெரிந்தும். இல்லை என்று ஆனபிறகு நிமிர்கிறேன். எதிரே இருப்பவர் யாராயிருந்தாலும் சரி, முதலில் அவர்தான் கண்ணை எடுக்கவேண்டும்.