முருங்கை மரத்துக்கு நான் போட்ட பாஸ்

முப்பத்தொரு வருஷம் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். போலீஸ் இல்லை. ஒருத்தர் பாடுபட்டுச் செய்துகொண்டு வந்து வைக்கிற இரும்புத் துண்டை அளந்து பார்த்து, சரியில்லை என்று சொல்கிற வேலை. சொன்னால் போதாது, சீட்டில் எழுத வேண்டும். சீட்டில் மூன்று கட்டம் இருக்கும். பாஸ், ரீவொர்க், ஸ்கிராப். பாஸ் என்றால் அடுத்த செக்‌ஷனுக்குப் போகும். ரீவொர்க் என்றால் திருத்திக் கொண்டுவரலாம். ஸ்கிராப் என்றால் பழைய இரும்புக் குவியல். நான் ரீவொர்க் கட்டத்தில் டிக் அடித்ததே கிடையாது. முதல் தடவை ஒழுங்காகச் செய்யாத ஆள் இரண்டாம் தடவை மட்டும் கிழித்துவிடுவானா என்பது என் கட்சி. கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வர மாட்டார்கள். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

என் கையால் அதிகம் சீட்டு வாங்கியவர்களில் பாயும் ஒருவர். லேத் மெஷினில் இரும்பு கடைகிற டர்னர். பட்டாபிராமில் மனை பிரித்துப் போட்டபோது எங்கள் ஆட்கள் பலர் சேர்ந்து வாங்கினோம். குலுக்கலில் எனக்கு அடுத்த மனை அவருக்கு விழுந்தது. அதற்கு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. ரிட்டயர் ஆகி, வீடு கட்டி, ஒரே காம்பவுண்டுச் சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிறோம். அவர் இன்னமும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். சண்டை கிடையாது. பேச்சும் பெரிதாகக் கிடையாது. என் மனைவிக்கும் அவர் மனைவிக்கும்தான் சுவர் மேல் நாள் முழுக்கப் போக்குவரத்து.

அந்தப் போக்குவரத்தில் பாதி எங்கள் முருங்கைக்கீரை. மரம் வீட்டுப் பின்பக்கம், சுவரை ஒட்டி நிற்கிறது. சுவர் உயரம் தாண்டியதும் அடிமரம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. போன வருஷம் பாயின் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று என் மனைவி தினமும் காலையில் ஒரு கொத்து ஒடித்துச் சுவர் மேல் வைப்பாள். எங்கள் பிள்ளைகள் இரண்டும் வெளிநாடு. அவளுக்குக் கீரை கொடுக்கவும் கொஞ்சவும் வேறு வீடு கிடையாது.

மழை விட்டதும் தெருவில் கம்பளிப்பூச்சி வந்துவிட்டது. மூன்றாம் வீட்டில் மரத்தையே வெட்டிப் போட்டார்கள். பாயின் மாப்பிள்ளை குத்தம்பாக்கத்திலிருந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த மரத்தையும் வெட்டச் சொல்லுங்கள், கீழேதான் குழந்தைத் துணி காய்கிறது என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுப் போனார். பாய் சாயங்காலம் சுவரோரம் வந்து நின்றார்.

"மாப்ள ஒரே பயமா கீறாரு சார். நீங்க ஒரு தபா பாத்து சொல்லிடுங்க. நீங்க பூச்சி இல்லன்னு சொன்னா இல்லதான்."

ரிட்டயர் ஆன பிறகு என்னை யாரும் எதையும் பார்த்துச் சொல்லச் சொன்னதில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலை டிபன் முடித்து, ஏணி, பூதக்கண்ணாடி, பழைய சீட்டுப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஒரு லாட் சரக்கு வந்தால் எல்லாவற்றையும் அளக்க முடியாது. அங்கங்கே எடுத்து சாம்பிள் பார்ப்போம். அதே முறைதான். கிளைக்குப் பத்து இலைக்காம்பு, மேல்பக்கம், அடிப்பக்கம். ஓர் இடத்தில் அசுவினிப் பூச்சி இருந்தது, அது பிள்ளைகளை ஒன்றும் செய்யாது. கட்டெறும்பு இருந்தது. ஒரு சிலந்தி இருந்தது, அது நம் ஆள். கம்பளிப்பூச்சி ஒன்றுகூட இல்லை. சில இடத்தில் இலை இல்லாமல் வெறும் காம்பு மட்டும் நின்றது. காற்றில் உதிர்ந்திருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, அடிமரத்தையும் பாருங்க. அந்தப் பக்கம் போய்ப் பாருங்க."

"பூச்சி தின்கிறது இலையை. இலையில் இல்லாதது மரத்தில் என்ன செய்யும், காற்று வாங்குமா? முப்பத்தொரு வருஷம் பார்த்த வேலை. எனக்குச் சொல்லித் தராதே."

நான் சீட்டு எழுதினேன். பொருள்: முருங்கை மரம். எண்ணிக்கை: ஒன்று. பாஸ் கட்டத்தில் டிக். கையெழுத்து. பாய் அதை வாங்கிப் படித்தார். என்னிடமிருந்து அவர் வாங்கிய முதல் பாஸ் சீட்டு அதுவாகத்தான் இருக்கும். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதது. நிறுத்தவே இல்லை. என் மனைவி ஓடினாள். நான் செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் கடத்திவிட்டுப் பின்னால் போனேன். குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. கொடியில் காய்ந்த துணியில் சுற்றியிருக்கிறார்கள். துணியெல்லாம் பூச்சி ரோமம். டாக்டர் லோஷன் கொடுத்து இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொன்னது அப்புறம். அந்த நேரத்தில் அந்த அழுகைதான் இருந்தது.

பாய் என்னைக் கொடிப் பக்கம் கூட்டிப்போய் மேலே கை காட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் வீட்டுப் பின்பக்கம் நின்று என் மரத்தைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அடிமரத்தில் ஒரு பழைய கோணியை ஒட்டி வைத்தது போல இருந்தது. கிட்டே போனால் கோணி அசைந்தது. அத்தனையும் கம்பளிப்பூச்சி, ஒன்றன் மேல் ஒன்று. பொழுது சாய்ந்ததும் மேலே ஏறி இலையைத் தின்றுவிட்டு, விடிந்ததும் இறங்கி அடிமரத்தில் கும்பலாகத் தூங்குகிற ஜாதி. நைட் ஷிப்ட். நான் டே ஷிப்டில் போய் இலையைப் பார்த்து, ஆளே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"மாப்ள ஆள் சொல்லிட்டாரு சார். நாளைக்கி காலீல மரம் அறுக்குற மெஷினோட வர்றாங்க," என்றார் பாய். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மனைவி சுவரோரம் போய் மரத்தைப் பார்த்தாள், அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், வந்து படுத்துக்கொண்டாள். மரம் போனால் கீரை போகும். கீரை போனால் அந்த வீட்டுக்கு அவள் எந்த முகத்தோடு போவாள்? எல்லாம் என் ஒரு டிக்கால். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் தப்பான ஒரு பொருளைக்கூட நான் பாஸ் செய்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

அப்போதுதான் அந்த ஷாஃப்ட் நினைவுக்கு வந்தது. பாய் கடைந்த இரும்புத் தண்டு. ஒரு முனையில் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. "அந்தப் பக்கம் மட்டுந்தான் சார், ரீவொர்க் போட்டுக் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிக் குடுத்திர்றேன்" என்று என் மேஜையருகே நின்று கேட்டார். நான் ஸ்கிராப் போட்டேன். அவருக்கு மெமோ கொடுத்து, மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அளவு கூடியதைத் தேய்த்துக் குறைக்கலாம். குறைந்ததைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பொருள்: முருங்கை மரம். குறை: அடிமரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம். காரணம்: இன்ஸ்பெக்டர் தன் பக்கம் மட்டும் பார்த்தார். எழுதிவிட்டு ஸ்கிராப் கட்டத்தில் டிக் அடித்தேன். பழக்கம். தவிர, ரீவொர்க் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கொண்டுபோய் பாயிடம் நீட்டினேன்.

அவர் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்து, வாசல் விளக்கைப் போட்டு, நின்றபடியே படித்தார். காரணம் எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு என் பையிலிருந்த பேனாவை அவரே எடுத்து, என் டிக்கைக் குறுக்கே அடித்துவிட்டு, நடுவிலிருந்த ரீவொர்க் கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

"ஒரு பக்கந்தான சார் கெட்டுக் கீது," என்றார். உள்ளே திரும்பி, "ஏ, மாப்ளைக்கு ஒரு போன் போடு. நாளைக்கி மெஷின் வேணாம்னு சொல்லு," என்றார்.

மறுநாள் காலை அவர் வீட்டுப் பின்பக்கம் நானும் அவரும் நின்றோம். முழுக்கைச் சட்டை, முகத்தில் துண்டு. கொடியை அவிழ்த்து முன்பக்கம் கட்டியாகிவிட்டது. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர். ரோமம் பறக்காமல் இருக்க முதலில் அடிமரத்தை நன்றாக நனைத்தோம். பிறகு நீளக் கழியில் கட்டிய விளக்குமாற்றால் பாய் மேலிருந்து கீழே வழித்தார், நான் வாளியைப் பிடித்தேன். சுவர் தாண்டிய கிளைகளை அவர் அளந்து காட்டிய இடத்தில் அறுத்தேன். அப்புறம் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி மரம் முழுக்க அடித்தோம். எண்ணெய் அடிக்கும் முன்பே என் மனைவி எங்கள் பக்கத்து மிச்சக் கிளையில் நல்ல கீரையாகப் பார்த்து ஒடித்து, மூன்று தண்ணீரில் அலசி, வாசல் வழியாகக் கொண்டுபோய் உள்ளே கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள்.

பாய் விளக்குமாற்றை உதறிவிட்டு இரண்டாம் தடவை மரத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் முதுகு என் பக்கம் இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

"பாய், அந்த ஷாஃப்ட்டுக்கு ரீவொர்க் போட்டிருக்கலாம்."

"தெரியும் சார்," என்றார் அவர். "வாளிய இன்னும் கொஞ்சம் இப்டி தள்ளுங்க."