பெரியவளின் ஐந்து நாட்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்கழி பிறந்த மறுநாள், திங்கட்கிழமை. பெரம்பலூருக்கு வடக்கே, ரஞ்சன்குடியைத் தாண்டி உள்ளடங்கி இருக்கும் எங்கள் ஊரில், என் தங்கையின் சின்ன மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. காலை ஏழே காலுக்குத் தங்கை வந்து சொன்னாள். நான் ஏழரை பஸ்ஸைப் பிடிக்கச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

நேரத்தைக்கூட இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரம்பலூரில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். மற்றபடி என் பழக்கம் எழுதி வைப்பது. எந்தத் தேதியில் மழை பெய்தது, ஏரி எப்போது நிரம்பியது, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் இறந்தார்கள் எல்லாம் என் நோட்டில் இருக்கும். எங்கள் ஊரில் வயதானவர்கள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆதாரில் திருத்தம், பென்ஷன் என்று வந்தால் என் வாசலில் வந்து நிற்பார்கள். "பஞ்சாங்கம் வூட்டுல இருக்கா?" என்பார்கள். ஊர் எனக்கு வைத்த பேர் அது. கேலிதான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு பெருமை. கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பவன் வேறு. அதனால் குடும்பத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. இருந்திருக்கலாம்.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் தங்கையின் ஐந்து வயதுப் பெரிய மகளுக்கு இதே போல் இருமலும் காய்ச்சலும் வந்திருந்தது. பெரம்பலூரில் காட்டினோம். லேசான நிமோனியா, பயப்பட வேண்டாம் என்று ஐந்து நாளைக்கு சிரப் எழுதிக் கொடுத்தார்கள். முதல் நாள் காய்ச்சல் எவ்வளவு, இரண்டாம் நாள் எத்தனை முறை வாந்தி, மூன்றாம் நாள் எப்போது இரைத்தது, ஐந்தாம் நாள் எத்தனை இட்லி சாப்பிட்டாள் என்று ஒன்று விடாமல் எழுதினேன். ஆறாம் நாள் அவள் தெருவில் ஓடி விளையாடினாள்.

சின்னவளுக்கு வந்தபோது நான் செய்தது இதுதான். பெரியவளுக்கு எழுதிய சீட்டைக் காட்டி அதே சிரப்பை மருந்துக் கடையில் வாங்கினேன். எங்கள் பக்கம் இது யாருக்கும் தப்பாகப் படாது. பழைய மருந்துச் சீட்டு எல்லார் வீட்டிலும் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். வயதுக்குத் தக்கபடி அளவைக் குறைத்துக் கொடுக்கச் சொன்னேன். நிமோனியா தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருந்த தேதிகளைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு அது தைரியம் கொடுத்தது. எனக்கும்தான்.

புதன்கிழமை காலை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இது மூச்சு வாங்குறது எனக்கு சரியாப் படல. பாலும் குடிக்க மாட்டேங்குது. டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிடவா?"

நோட்டைத் திறந்து காட்டினேன். "பெரியவளுக்கும் மூணாம் நாள் இப்படித்தான். பாரு, எழுதியிருக்கேன். வெள்ளிக்கெழமை எறங்கிடும்."

"அது அஞ்சு வயசுப் புள்ளண்ணே."

"ஒரே வூடு, ஒரே பாயி, ஒரே இருமல். அவகிட்டேர்ந்துதானே இவளுக்கு ஒட்டிச்சு? வேற எங்கேர்ந்து வந்துச்சாம்?"

மறுநாள் அவர்கள் காட்டில் மக்காச்சோளம் அடிக்க மெஷின் வருவதாக இருந்தது. பின்னாலேயே வந்த தங்கையின் கணவர் சிரித்தார். "பஞ்சாங்கமே வெள்ளிக்கெழமைன்னு நாள் குறிச்சிருச்சு, அப்பறம் என்ன? மெஷின விட்டா திரும்பி வர பத்து நாளாவும்." தங்கை என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குழந்தையின் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு போய்விட்டாள். தாயின் கண்ணுக்குத் தெரிந்ததை ஒரு பக்க எழுத்தால் நான் மூடி வைத்தேன்.

வியாழக்கிழமை கடையிலிருந்து போனில் கேட்டேன். "தூங்கிட்டே இருக்குண்ணே" என்றாள். பின்னால் மெஷின் இரைச்சல் கேட்டது. 'இரைப்பு குறைவு, நல்ல தூக்கம்' என்று எழுதினேன். அது தூக்கம் இல்லை, மூச்சு விட்டே களைத்துப்போய்க் கிடந்திருக்கிறாள். அந்த வரி இப்போதும் என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை உதடு நீலம் பூத்துவிட்டது. விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. பஸ்ஸுக்குக் காத்திராமல் ஆட்டோவில் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். சின்ன வயசு லேடி டாக்டர். குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, எத்தனை நாளாக என்று கேட்டார். அந்த நிலையிலும் நான் நோட்டை விரித்து, நாள், நேரம், சிரப் அளவு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவ்வளவு எழுதியிருக்கீங்களே சார், நிமிஷத்துக்கு எத்தன மூச்சுன்னு ஒரு தடவையாவது எண்ணுனீங்களா?"

நான் எண்ணவில்லை. அதற்கு ஒரு கடிகாரமும் ஒரு நிமிடமும் போதும். இரண்டும் என்னிடம் இருந்தன.

ஆக்ஸிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே படம் எடுத்துப் பார்த்தபோது வலது நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. அக்குளுக்குக் கீழே துளை போட்டுக் குழாய் இறக்கினார்கள். சீழை எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். ஒன்பது நாள் ஐ.சி.யு.வில் கிடந்தாள். பிழைப்பாளா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

கிருமியின் வகை தெரிந்து ரிப்போர்ட் வந்தது பத்தாம் நாள். பெரிய டாக்டர் பொறுமையானவர். நான் கேட்கக் கேட்கச் சொன்னார். நிமோனியா உண்டாக்கும் இந்த ஒரே கிருமியில் நூறு வகை இருக்கிறதாம். சிலது குழந்தைகளின் மூக்கிலேயே சும்மா இருந்துவிட்டுப் போய்விடும். சிலது ரத்தத்தில் இறங்கும். சிலது நுரையீரலையே அழுக வைக்கும். தடுப்பூசி முக்கியமான வகைகளைத் தடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. இவளுக்கு வந்தது அந்த ஊசியில் அடங்காத வகை. பெரியவளுக்கு வந்தது எது என்று யாரும் பார்க்கவில்லை. அது இந்தக் கிருமிதானா என்பதுகூடத் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் இருமினால் இருமலின் சத்தம்தான் ஒன்று.

"அப்ப வகைதான் காரணம், இல்லீங்களா?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது.

"அதுவும் ஒரு காரணம். கொழந்தையோட வயசு ஒண்ணு, எப்ப வந்தீங்கங்கிறது ஒண்ணு. புதன்கெழமை வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா வர வேண்டிய நாள் புதன்கெழமைதான்."

எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு தங்கையிடம் போனேன். வார்டுக்கு வெளியே, தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். கிருமியிலேயே இது மோசமான வகையாம், ஊசிக்கே அடங்காததாம், நாம் என்ன செய்ய முடியும் என்று விளக்கினேன். படித்தவன் விளக்குவது போல, நிதானமாக. முடிக்கும்வரை கேட்டாள்.

"அது கிருமிண்ணே. அதுக்கு எம்புள்ள யாருன்னு தெரியாது. ஒனக்குத் தெரியுமில்ல?"

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தவரை என்னிடம் அவள் பேசவில்லை. நான் கொண்டுபோன சாப்பாட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வாள்.

குழந்தை பிழைத்தாள். வலது நுரையீரலின் அடிப்பாகம் கெட்டுப்போனதால், பொங்கல் கழிந்து ஆபரேஷன் செய்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பால்வாடிக்குப் போகிறாள். வாயாடி. மற்ற பிள்ளைகள் ஓடும்போது பாதியில் நின்று, இடுப்பில் கை வைத்து, "நான் தோக்கல, சும்மா நிக்கிறேன்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். என்னால் அந்தச் சிரிப்பில் சேர முடிவதில்லை.

குழந்தையின் அப்பா என்னைக் குறை சொல்வதில்லை. "நானுந்தான மச்சான் மெஷினப் பாத்தேன்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். தங்கையும் இப்போது பேசுகிறாள்: கல்யாணம், காதுகுத்து, மழை, எல்லாம் பேசுவாள். பிள்ளைகளின் உடம்பைப் பற்றி மட்டும் என்னிடம் வாய் திறப்பதில்லை. போன மாதம் சின்னவள் இருமிக்கொண்டு பஸ் ஏறியதைக் கடையில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வெறும் சளி என்று அனுப்பிவிட்டார்களாம், தாயும் மகளும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். "ஏண்ணே வேலைய விட்டுட்டு வந்த?" என்றாள் தங்கை, வெளியாளைக் கேட்பது போல. அவள் செய்தது சரி என்று சொல்ல நினைத்தேன், "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றுதான் கேட்டேன்.

அன்று நான் படித்துக் காட்டியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அது வேறொரு குழந்தையைப் பற்றிய உண்மை, அதற்காகத்தான் இன்றுவரை என்னையே என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.